ரிப்போர்ட் படிப்போம் – 14: கதவில் ஏறிய மண்கோடு

போன வாரம், தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் டி.எஸ்.எச். ஹார்மோன் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இதழ் கடைக்கு வந்த மறுநாளே, சேலையூரில் எங்கள் தெருப் பெண் ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டார்.

"சார், 34-க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு 612. பதினெட்டு மடங்கு! கேன்சர் மாதிரி ஏதாவதா சார்?"

வயது நாற்பதைத் தொடவில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

காலை ஆறரைக்குக் கேம்ப் ரோட்டில் நடந்தால், லேப் வாசல்களில் வெறும் வயிற்றோடு டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். சர்க்கரைக்கு வந்தவரிடம், "கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா தைராய்டு பேக்கேஜே வந்துடும்மா" என்பார்கள் கவுன்ட்டரில். அப்படி வந்து சேர்ந்ததுதான் இவருடைய ஆன்டி டி.பி.ஓ. டாக்டர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கேன்சரைச் சொல்லும் பரிசோதனை இது இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாத வரியில் விரலை வைத்தேன். டி.எஸ்.எச். 2.8. பக்கத்தில் தடித்த எழுத்து எதுவும் இல்லாததால் அதை யாரும் படிக்கவில்லை.

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க, அயோடினைப் புரதத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டிக்கொடுக்கும் நொதியின் பெயர் தைராய்டு பெராக்சிடேஸ்; சுருக்கமாக டி.பி.ஓ. நம் வெள்ளணுக்கள் சொந்தச் சுரப்பியையே அந்நியமாக நினைத்து உள்ளே புகும்போது, இந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் தலைகாட்டுகிறது. சுரப்பியை அரிப்பதில் பெரும்பங்கு அந்த வெள்ளணுக்களுடையது. ஆன்டிபாடி பெரும்பாலும் தடயம்தான்.

ஏரியை ஒட்டிய எங்கள் பக்கத்து வீடுகளில் கரையானுக்குப் பஞ்சமில்லை. கதவு நிலையில் மண்கோடு ஏறினால் உள்ளே கரையான் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோடு எத்தனை அடி என்று அளந்து, மரம் எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியுமா? தட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தட்டல்தான் டி.எஸ்.எச். கதவு இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றேன். ஓரளவு மூச்சு வந்தது அவருக்கு.

இன்னொன்று, 34 என்பதே எல்லா லேபுக்கும் பொது எல்லை இல்லை. ஒரு கருவியில் 9, இன்னொன்றில் 60. தாம்பரத்தில் எடுத்த 612-ஐயும் பல்லாவரத்தில் வேறு கருவியில் எடுத்த 400-ஐயும் வைத்துக்கொண்டு 'குறைஞ்சிருக்கு' என்று சந்தோஷப்படுவது, படியில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் ஒப்பிடுவது மாதிரி.

வெள்ளணுக்கள் சொந்தச் சுரப்பியையே அரிக்கும் இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவர் ஹகாரு ஹஷிமோட்டோ. ஜப்பானின் ஃபுகுவோகாவில் நான்கு பெண்களின் கழலையை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பதை 1912-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குப் போய் மருத்துவம் பார்த்து, 1934-இல் டைஃபாய்டில் இறந்தார். அவர் பார்த்ததற்குக் காரணம் ஆன்டிபாடி வழியாகப் பிடிபட 1956 ஆயிற்று.

நம் ஊர்க் கணக்கும் உண்டு. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தைராய்டு குறைபாடு இருந்தவர்கள் 10.95 சதவீதம். ஆன்டி டி.பி.ஓ. இருந்தவர்கள் 21.85 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவர் கதவில் மண்கோடு. குறைபாடு அதில் பாதி அளவுக்குத்தான். இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். டி.எஸ்.எச். சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேர் குறைபாட்டுக்குள் போனார்கள். இரண்டும் கூடியிருந்தவர்களில் நான்குக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான். ஆன்டிபாடியை மறுபடி மறுபடி எடுப்பது லேபுக்கு நல்லது.

ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் மட்டும் விதிவிலக்கு. அங்கே டி.எஸ்.எச். உட்காரும் இடத்தில் ஆன்டிபாடியே உட்கார்ந்து சுரப்பியை ஓயாமல் விரட்டும். அதை அளக்கும் டி.ஆர்.ஏ.பி. எண்ணுக்கு மதிப்பு உண்டு. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று யோசிக்கும்போது டாக்டர் அதைப் பார்ப்பார்.

கர்ப்பம் என்றால் கதை வேறு. டி.பி.ஓ. ஆன்டிபாடி உள்ள பெண், கர்ப்பம் உறுதியானதும் ஒருமுறையும், பாதி மாதங்கள் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எண் சரியாக இருக்கும்போதே முன்கூட்டி மாத்திரை கொடுத்தால் கரு தங்குமா? பிரிட்டனில் 952 பெண்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். குழந்தை பிறந்தது மாத்திரை எடுத்தவர்களில் 37.4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37.9.

"உப்பை மாத்திடவா சார்? இந்துப்பு நல்லதுங்கறாங்க." இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேளம்பாக்கம் பக்கம் போனால் சாலையோரத்தில் உப்பளம் தெரியும். கடலிலிருந்து வருவதால் அந்த உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறக்குறைய இருக்காது, பிறகு பொட்டாசியம் அயோடேட் தெளித்துத்தான் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. அயோடின் பரவலாகச் சேர்க்கப்பட்ட நாடுகளில் ஆன்டிபாடி கொஞ்சம் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். அதற்காகச் சமையல் உப்பைத் தள்ளிவைத்தால், வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கு அயோடின் எங்கிருந்து வரும்?

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு டப்பா எட்டிப்பார்த்தது. முடி கொட்டுகிறது என்று மூன்று மாதமாக அவர் சாப்பிடும் பயோட்டின், 10 மில்லிகிராம்.

"ரத்தம் கொடுத்த அன்னிக்கும் சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆமா சார், தண்ணியோடதானே."

சில கருவிகள் பயோட்டினையே பசையாக வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் அது வழிந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், சில ஆன்டிபாடி எண்கள் பொய்யாக ஏறும். நான் கெட்டி என்று தட்டிக் காட்டிய கதவையே திரும்பத் தட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள் என்றேன்.

கொடுத்தார். டி.எஸ்.எச். 3.4. ஆன்டிபாடியையும் சேர்த்து எடுத்தால் முப்பது சதவீதம் தள்ளுபடி என்றார்களாம் கவுன்ட்டரில்.

"டி.எஸ்.எச். மட்டும் போதும்னு சொல்லிட்டேன் சார். அவங்கதான் ஒரு மாதிரி பார்த்தாங்க."

(தொடரும்)