காலிழந்த நண்டு ஏன் அழுகுவதில்லை?

ஊர்காவற்றுறைப் பக்கம் விடியப்புறம் வலை இழுத்தால், வரும் நீல நண்டுகளில் ஒன்றிரண்டுக்குக் கால் இருக்காது. சிக்கிய காலை மூட்டோடு கழற்றிவிட்டுத் தப்புவது நண்டின் வழக்கம். ஓடு கழற்றும்போது புதுக்கால் வரும். ஆனால் கலங்கிய களப்பில், ஒரு துளி நீரிலேயே ஆயிரக்கணக்கில் பற்றீரியா மிதக்கிற இடத்தில், அந்தக் காயம் எப்படி ஆறுகிறது? எங்களுக்குள்ள பிறபொருளெதிரிகள்கூட நண்டுக்கு இல்லை.

அதன் இரத்தக் கலங்களில் பெப்தைட்டுகள் இருக்கின்றன. அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டுகள் அவை. ஐரோப்பியக் கரை நண்டில் இப்படியொன்றை 1996இல் பிரித்தெடுத்தார்கள். இத்தகைய பெப்தைட்டுகள் பொதுவாக நேரேற்றம் உடையவை. பற்றீரியாவின் மென்சவ்வு மறையேற்றம் உடையது. போய் ஒட்டும், பல துளைக்கும். ஓட்டைத் தோணிக்குள் தண்ணீர் ஏறும். இங்கே உள்ளிருப்பது வெளியே ஒழுகி, கிருமி நிமிடக் கணக்கில் சாகும். எங்கள் கலங்களின் வெளிமுகத்தில் அந்த ஏற்றம் பெரிதாக இல்லாததால் பெரும்பாலும் தப்புகிறோம்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. ஸ்ரபிலோகொக்கஸ் தன் மென்சவ்வில் லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி மறையேற்றத்தைக் குறைத்துக்கொள்ளும். வேறு சில, பெப்தைட்டையே நொதியத்தால் வெட்டிப்போடும்.

1987இல் அமெரிக்காவில் மைக்கல் ஸாஸ்லொஃப், சத்திரசிகிச்சை செய்த தவளைகள் அழுக்குத் தொட்டியிலும் சீழ் பிடிக்காமல் தேறுவதைக் கண்டு, அவற்றின் தோலில் மகைனின் பெப்தைட்டைக் கண்டறிந்தார். இதற்குக் கிருமிகள் எதிர்ப்பு வளர்ப்பது அரிது என்பது அவர் எண்ணம். கனடாவின் உயிரியலாளர் கிரஹாம் பெல் ஒப்பவில்லை. இருவரும் சேர்ந்தே சோதித்தார்கள். மகைனினை ஒத்த மருந்தின் அளவை மெல்ல மெல்லக் கூட்டி, அறுநூறு தலைமுறைக்கு மேல் வளர்த்தபோது, 24 பற்றீரியா வரிசைகளில் 22 எதிர்ப்புப் பெற்றன. 2006இல் வெளியான அந்த முடிவில் தோற்றது ஸாஸ்லொஃப்; தன் தோல்வியிலும் பெயர் போட்டிருக்கிறார், பாராட்டத்தான் வேண்டும்.

ஆய்வுகூடத்தோடு அது நிற்கவில்லை. கொலிஸ்ரினும் மண் பற்றீரியா ஒன்று செய்யும் பெப்தைட்டுத்தான். வேறு மருந்து கேளாத நோயாளிக்கு வைத்தியர்கள் கடைசியாக எடுப்பது. அதைப் பன்றிப் பண்ணைகளில் தீவனத்தோடு கொட்டினார்கள். 2015இல் சீனாவில், கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவும் எதிர்ப்பு மரபணுவொன்று வெளிப்பட்டது. ஏற்றத்தைக் குறைக்கும் அதே பழைய வித்தை. இந்தியா 2019இல் கால்நடைகளுக்குக் கொலிஸ்ரினைத் தடைசெய்தது.

நண்டோ பண்ணைகளைப்போல ஒரே பெப்தைட்டை ஆண்டுக்கணக்காக ஊற்றிக்கொண்டிருப்பதில்லை. பலவிதமானவற்றை, காயம் பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் விடுகிறது. உயிரோடு இருக்கும்வரைதான் அதுவும். செத்த நண்டைத் துறையில் வெயிலில் விட்டால் மத்தியானத்துக்குள் நாறிவிடும், ஒடியற்கூழுக்கும் உதவாது.