மூட்டுத் தேய்மானமும் படைவீரர் இயலாமை ஓய்வூதியமும்

எங்கள் மூட்டு மருத்துவப் பிரிவுக்கு வரும் முன்னாள் படைவீரர்களின் குடும்பத்தினர், "படைப்பணியால்தான் முழங்கால் தேய்ந்தது என்று சான்றிதழ் தாருங்கள்" எனக் கேட்பதுண்டு. கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். ஆயினும் அந்தச் சான்றிதழ் மட்டும் இயலாமை ஓய்வூதியத்தைப் பெற்றுத் தராது.

பணியிலிருந்து விடுவிக்கப்படும்போது கூடும் படை மருத்துவ வாரியம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே ஆராய்கிறது. நோய் பணியால் உண்டானதா, அல்லது பணியால் மிகுந்ததா என்பது ஒன்று. இயலாமை எத்தனை விழுக்காடு என்பது மற்றொன்று. பொதுவாக 20 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள விழுக்காடு வேறு கணக்கு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதற்கேள்வியே மூட்டு நோய்களில் சிக்கலானது. குண்டடி பட்ட காலுக்குக் காய அறிக்கை இருக்கும். தேய்மானமோ வயதாலும் உடல் எடையாலும் வரும். பயிற்சியில் கிழிந்த சவ்வு சரியாக ஆறாமற்போனதாலும் வரும். எக்ஸ்ரே தேய்மானத்தைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது.

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. படையில் சேரும்போது நோய் குறிக்கப்படவில்லையெனில், வீரர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று வாரியம் கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். காரணமின்றி ஒற்றை வரியில் மறுக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்யலாம். பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வு பெற்றோருக்குப் புதிய விதிகள் பொருந்தும் என்பதால், அவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேட்டறிவது நல்லது.

எங்களால் இயல்வது, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது, தசை எவ்வளவு மெலிந்துள்ளது, தாங்கலின்றி நடக்க முடிகிறதா என்பவற்றை அளந்து எழுதுவது. பணிக்காலத்துச் சிகிச்சைச் சீட்டு, காய அறிக்கை, மருத்துவ வகை குறைக்கப்பட்ட ஆணை ஆகியவற்றைக் கொண்டுவந்தால், பழைய காயத்துக்கும் இன்றைய தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பைக் காரணத்தோடு விளக்க இயலும். அவை இல்லாமல் நாங்கள் எழுதுவது வெறும் ஊகமாகவே நிற்கும்.

மனு முடியட்டும் என்று சிலர் மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிப்போடுகின்றனர். வேண்டாம். அறுவைக்கு முந்தைய அளவுகளைப் பதிவு செய்து தருகிறோம். பழைய தாள்களின் நகல்களை மட்டும் கொண்டு வாருங்கள். மூலங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.