பழைய புல்லட் எஞ்சினும் ஒரு பேரிங்கின் எண்ணும்

இந்த ஆண்டு நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த நான்கைந்து பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சார், உங்கள் பில்டிங் வாசலில் பிரித்துப் போட்டிருந்தீர்களே, அந்தப் புல்லட் ஓடுகிறதா இல்லையா?"

ஓடுகிறது. ஆனால் எஞ்சினை இரண்டு முறை பிரித்துச் சேர்த்த பிறகுதான் ஓடுகிறது. அந்த இரண்டாவது முறைக்கு முழுக் காரணம் அடியேன்தான். முப்பத்தைந்து வருடம் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பேரிங்குகளோடு வாழ்ந்தவன் ஒரு மோட்டார் சைக்கிள் பேரிங்கில் கோட்டை விட்டது எப்படி என்பதைச் சொன்னால், வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு உபயோகப்படும் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதுகிறேன்.

வண்டி என்னுடையது அல்ல. என்னோடு வேலை பார்த்த நண்பர் 1974-ல் கடன் போட்டு வாங்கியது. அவர் காலமான பின் டோம்பிவிலியில் அவர்கள் பில்டிங்கின் படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திப் பதினொரு வருடம் நின்றது. கொங்கண மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. பையன் புனேயில் நல்ல வேலையில் இருக்கிறான். ஒருநாள் வந்து, "மாமா, அப்பா வண்டியை நீங்கதான் எழுப்பித் தரணும்" என்றான். அவன் அம்மாவோ, "அண்ணா, பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசு வரலை, அதான் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மறுக்க முடியவில்லை.

புல்லட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த இந்த வண்டியை நம் ராணுவத்துக்காக வாங்கத் தொடங்கிய பிறகு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். தாய்வீட்டில் உற்பத்தி 1970 வாக்கில் நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. இந்த அளவு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. 'காஸ்ட் அயர்ன் எஞ்சின்' என்று நாம் சொல்வது சிலிண்டரை வைத்துத்தான். கீழே கிராங்க் உட்கார்ந்திருக்கும் பெட்டி, அதாவது கிராங்க் கேஸ், அலுமினியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

பிஸ்டன் மேல் விழும் அடியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 70 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். பெட்ரோல் வெடிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் ஒரு குத்து. அதைக் கனெக்டிங் ராடு வாங்கி, கிராங்க் பின்னுக்குத் தந்து, கடைசியில் கிராங்கின் இரு பக்கமும் உள்ள மெயின் பேரிங்குகள்தான் தாங்குகின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் இப்படி 1,500 குத்து.

எங்கள் வண்டியில் செயின் இருக்கும் இடப்பக்கம் ஒரு பந்து பேரிங்கும் ஒரு உருளை பேரிங்கும் இருந்தன. டைமிங் இருக்கும் வலப்பக்கம் உருளை பேரிங் மட்டும். ஏன் இப்படி என்று பையன் கேட்டான். ரயில்வே பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு கர்டரின் ஒரு முனையைத்தான் அசையாமல் பூட்டுவார்கள். மறுமுனை உருளை மேல் உட்கார்ந்திருக்கும். வெயிலில் கர்டர் நீளும்போது அந்த முனை நகர்ந்து கொடுக்கும். இரண்டு முனையையும் பூட்டினால் தூண் பிளக்கும். அதே நியாயம்தான் இங்கே. பந்து பேரிங் கிராங்கை இடம் வலமாக நகராமல் பிடிக்கிறது. உருளை பேரிங் பாரத்தைச் சுமக்கிறது. ஆனால் பக்கவாட்டில் விட்டுக்கொடுக்கிறது. உருளையிலும் வகை உண்டு. 'என்யூ' என்று எழுத்து இருந்தால் உள் வளையத்தில் விளிம்பே கிடையாது, இரு பக்கமும் வழுக்கி வரும். 'என்ஜே' என்றால் ஒரு பக்கம் விளிம்பு உண்டு, அந்தத் திசையில் தடுக்கும். அளவு ஒன்றுதானே என்று கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். அளவு பொருந்தும், வேலை பொருந்தாது.

எண்ணைப் படிப்பது ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. நாங்கள் கழற்றிய பந்து பேரிங்கில் 6305 என்று இருந்தது. முதல் 6 என்பது ஆழப்பள்ளப் பந்து வகை. அடுத்த 3 நடுத்தரப் பருமன் வரிசை. கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25. அதுதான் உள்துளை மில்லிமீட்டரில். வெளிவிட்டம் 62, அகலம் 17. இதுவே 6205 என்றால் உள்துளை அதே 25, ஆனால் வெளிவிட்டம் 52, அகலம் 15 தான். உலகம் முழுக்க, எந்தக் கம்பெனியானாலும் இதே கணக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளின் அச்சில் நாங்கள் மாட்டியது 22326. இருபத்தாறு ஐந்து நூற்று முப்பது. அச்சின் விட்டம் 130 மில்லிமீட்டர். ரயில் பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே வாய்ப்பாடு.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை என்பதே இந்தக் கதை. ரயில்வேயில் அந்த 22326-க்குப் பின்னால் 'சி3' என்று இருக்கும். பந்துக்கோ உருளைக்கோ வளையங்களுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளி சாதாரண பேரிங்கை விட அதிகம் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெரிய பேரிங்கில் 0.145 முதல் 0.190 மில்லிமீட்டர் வரை. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து எழுதி வைத்த பிறகுதான் மாட்டுவோம். ஆயிரக்கணக்கில் செய்த வேலை. ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் பிரிக்கும்போது அந்தப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. நாக்தேவி தெருவில் ஒரு கடையில் 6305 கேட்டேன், நல்ல கம்பெனிப் பேரிங்காகவே கொடுத்தார், வாங்கி வந்தேன். எழுத்து எதுவும் இல்லாத சாதாரணப் பேரிங்.

மாட்டி, கேஸ் ஆறிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றினால் கனத்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஞ்சின் சூடானதும் உண்மையாகவே இலகுவாகச் சுற்றியது, ஏமாந்தேன். முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். பையன் போன் செய்தான். "மாமா, காலையில ஸ்டார்ட் பண்ணினா உள்ளே ஏதோ அழற மாதிரி சத்தம் வருது."

பிரித்தோம். 6305-ன் இரு வளையங்களிலும் முழுச் சுற்றுக்கும் அகலமான மங்கிய தடம். உள் வளையத்தில் ஓரிடத்தில் உலோகம் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. நெருக்கத்தில் ஓடிய பேரிங்குக்கு அதுதான் அடையாளம்.

காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கேஸின் 62 மில்லிமீட்டர் துளை, எஞ்சின் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.11 மில்லிமீட்டர் பெரிதாகும். அதே சூட்டில் எஃகுப் பேரிங் 0.06 தான் பெரிதாகும். வித்தியாசம் 0.05. அதனால், சூட்டிலும் பேரிங் துளைக்குள் சுழலாமல் நிற்க வேண்டுமானால், குளிர்ச்சியில் அதை இறுக்கமாகவே உட்கார வைத்தாக வேண்டும். அந்த இறுக்கம் வெளி வளையத்தைச் சற்றே சுருக்குகிறது. கிராங்கின் மேல் ஏற்றும்போது உள் வளையம் சற்றே விரிகிறது. இரண்டும் சேர்ந்து பந்துக்கான இடைவெளியைத் தின்றுவிடுகின்றன. 25 மில்லிமீட்டர் துளையுள்ள சாதாரணப் பந்து பேரிங்கில் இந்த இடைவெளி ஆயிரத்தில் 5 முதல் 20 மில்லிமீட்டர் தான். தின்றது போக மிச்சமே இல்லை, பந்துகள் நெரிபட்டு ஓடின. சி3 ஆனால் 13 முதல் 28 வரை. தின்றது போகவும் பந்து மூச்சுவிட இடம் இருக்கும். ஒவ்வொரு நாளும் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில்தான் அந்தப் பேரிங் செத்துக்கொண்டிருந்தது. சூடேறியதும் கேஸ் விரிந்து பிடியைத் தளர்த்தியதால் எனக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சாதாரணப் பேரிங்கையே போட்டால் என்ன?" என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். கூடவே கூடாது. பிடி தளர்ந்த பேரிங்கின் வெளி வளையம் துளைக்குள் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். அலுமினியம் அதன் முன் சோப்புக்கட்டி. துளை கெட்டால் கேஸ் போச்சு. எஞ்சின் எண் அடித்திருப்பது அந்தக் கேஸின் மேல்தான். ஆர்.சி. புத்தகத்தில் 1974-ல் நண்பர் பெயரோடு பதிந்த எண் அது. வேறு கேஸ் போட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைந்து எண்ணை மாற்ற வேண்டும். மாற்றிய பின் அது அவர் வண்டியா என்ற கேள்வியும் வரும். பேரிங் போனால் சில நூறு ரூபாய். கேஸ் போனால் பையன் கேட்டு வந்த பொருளே போகும். இரண்டாவது முறை பிரித்தபோது எனக்குக் கை நடுங்கியது இதனால்தான். நல்லவேளை, துளை தப்பியிருந்தது. போர் கேஜ் வைத்து மூன்று திசையிலும் அளந்த பிறகுதான் அன்று டீ குடித்தேன்.

துளை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் என்ன செய்வது? தெருவோர வைத்தியம் ஒன்று உண்டு: துளையின் சுவரில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்துவது. மேடு எழும்பிப் பேரிங் இறுகியது போல இருக்கும், ஆயிரம் கிலோமீட்டரில் மேடெல்லாம் நசுங்கிவிடும். தளர்வு மிகச் சொற்பமானால் பேரிங்குக்கென்றே உள்ள ஒட்டுத்திரவம் போதும். அதிகமானால் நல்ல லேத்துக்காரரிடம் கொடுத்துத் துளையைக் கடைந்து ஸ்லீவ் போடுவதே முறை. இரண்டு கேஸையும் சேர்த்துப் பூட்டி ஒரே மையத்தில் கடையத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. 'இசட்இசட்' என்றால் தகரமூடி, '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் மூடி. கிராங்குக்கு இவை வேண்டாம். எஞ்சின் எண்ணெயே நனைக்க வேண்டியிருப்பதால் திறந்த பேரிங்தான் சரி. பந்துகளைப் பிடிக்கும் கூடு எஃகிலோ பித்தளையிலோ இருப்பது உத்தமம். பிளாஸ்டிக் கூடு மட்டம் என்று சொல்லமாட்டேன், ஆனால் காற்றால் குளிரும் பழைய எஞ்சினில், மும்பை டிராஃபிக்கில், அந்தச் சூட்டுக்கு நான் அதை நம்பவில்லை.

போலிகளும் உண்டு. பழைய பேரிங்கைக் கழுவி, மெருகேற்றி, புது டப்பாவில் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்ததால் ஆட்டம் கூடியதையே "இது சி3 சார்" என்று விற்ற கெட்டிக்காரரை நானே பார்த்தேன்! பக்கவாட்டு முகத்தில் பாலிஷ் கோடுகள், மழுங்கிய எழுத்து, துளையின் உள்சுவரில் ஏற்கெனவே ஏற்றி இறக்கிய கீறல் இவற்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவது ஐம்பது நூறு கூடுதலானாலும் நல்லது.

மாட்டும்போது சுத்தியலுக்கு வேலையே இல்லை. கேஸைச் சூடாக்க வேண்டும், பேரிங்கைக் குளிர வைக்க வேண்டும். பேரிங்கை உறையோடு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். கேஸை எங்கள் வீட்டுக் கேக் அவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேல் அரை மணி நேரம். (நன்றாகக் கழுவித்தான் வைத்தேன். ஆனாலும் வீட்டம்மா அதன் பிறகு அந்த அவனில் கேக் செய்யவில்லை.) ஒரு துளி தண்ணீர் விட்டால் சுரீரென்று துள்ளி ஓட வேண்டும், அதுதான் பதம். பேரிங் தானாக 'டக்' என்று போய் உட்காரும். புளோ லாம்ப் வைத்து ஓரிடத்தில் காட்டினால் கேஸ் கோணிவிடும். பிடிவாதம் பிடித்தால் வெளி வளையத்தை மட்டும் சமமாக அழுத்துங்கள். உள் வளையத்தில் தட்டி வெளி வளையத்தை இறக்கினால், ஒவ்வொரு தட்டுக்கும் பந்துகள் பள்ளத்தில் சின்னச் சின்னக் குழி பதித்துவிடும். அந்தச் சத்தம் கடைசிவரை போகாது.

பிக் எண்டைப் பற்றியும் கேட்பீர்கள். பழைய புல்லட்டில் அங்கே உருளை கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்றுதான். எண்ணெய் ஒழுங்காக வந்தால் அது நன்றாகவே உழைக்கும். ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை. எண்ணெய் பம்பைச் சரி பார்க்காமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

இரண்டாம் முறை சி3 போட்டுப் பூட்டி, கேஸ் முழுக்க ஆறிய பிறகு கிராங்கைச் சுண்டினேன். சத்தமில்லாமல் சுற்றி, ஃபிளைவீலின் கனமான பக்கம் கீழே வந்து, ஊசலாடி நின்றது. எட்டு மாதம் ஆகிறது. பையன் புனேயிலிருந்து காட் ஏறி இறங்கிப் போய் வருகிறான். இங்கு வரும்போது என் வாசலில்தான் நிறுத்துகிறான்.

கெட்டுப்போன அந்த 6305-ஐ நான் தூக்கிப் போடவில்லை. என் மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்திருக்கிறேன். பழைய வண்டி பிரிக்க எண்ணும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் அந்தத் தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். வரும்போது உங்கள் வண்டியில் இருந்து கழற்றிய பேரிங்கின் எண்ணை, பின்னால் இருக்கும் எழுத்துகளையும் விடாமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள்.