டிரெயின் போல்ட்டும் பத்துக் கிலோ இழுவையும்

பஞ்சகவ்யா, மண்புழு என்று எழுத வேண்டிய பக்கத்தில் ஸ்பேனரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

நாலு வருஷமாக ஒரு சொட்டு ரசாயனம் காட்டாத என் கீரைப் பாத்தியில், போன ஆடியில் அரை லிட்டர் இன்ஜின் ஆயில் கொட்டியது. கொட்டியவன் நானேதான். பவர் வீடருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றிவிட்டு, அடியிலுள்ள டிரெயின் போல்ட் ஒழுகிடக் கூடாதே என்ற பயத்தில் ஸ்பேனரில் மூன்றடி பைப்பைச் சொருகி ஒரு அழுத்து அழுத்தினேன். முறுக்கு திடீரென்று லேசானது. நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாதிப் பாத்தி ஓட்டும்போது போல்ட் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

ஒரகடத்தில் வண்டித் தொழிற்சாலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துச் சிரித்தான். "பெரியப்பா, போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். ரெண்டுல எதோட மரை போகும், நீங்களே சொல்லுங்க." படப்பையில் ஒரு லேத் பட்டறையில் பழைய மரையைக் கடைந்து, உள்ளே எஃகு மரை வைத்துக் கொடுத்தார்கள். போல்ட்டை மாற்றினால் போதும் என்று நினைத்த என் கணக்கு தப்பு.

அவன் சொல்லித் தந்ததை எழுதுகிறேன். இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடியுங்கள்; கொதிக்கக் கூடாது. போல்ட்டையும் அது உட்காரும் இடத்தையும் துணியால் துடையுங்கள். மண் ஒட்டியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும். வாஷரைப் பார்த்து வாங்குங்கள். செம்பு, அலுமினிய வாஷர்கள் நசுங்கித்தான் அடைக்கும். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக நசுங்காது. சில ரூபாய்ப் பொருள். நான் மிச்சம் பிடித்ததும், பைப் போட்டதும் இங்கேதான்.

அடுத்தது கை விரல். போல்ட்டை முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரை பொருந்தும் இடத்தில் லேசாக 'டிக்' என்று இறங்கும். பிறகு வலப்பக்கம். விரலால் கடைசி வரை சுலபமாகப் போக வேண்டும். பாதியிலேயே கடினமாக இருந்தால் கோணலாக ஏறுகிறது. கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பேனர் கடைசிக் கொஞ்சத்துக்குத்தான்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? தொழிற்சாலையில் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. நம்மிடம் காய்கறி மூட்டை தூக்கும் ஸ்பிரிங் தராசு இருக்கிறதே! கணக்கு இதுதான்: இழுக்கும் கிலோவை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கினால் முறுக்கு. உங்கள் கையேட்டில் 20 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால், பத்தால் வகுத்து 2 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் தராசுக் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர் செங்குத்தாக இழுத்தால் 10 கிலோ காட்டும்போது நிறுத்த வேண்டும். மூன்றடி பைப்பில் 20 கிலோ அழுத்தினால் 18 கிலோ மீட்டர். ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வங்கியில் 35 வருஷம் எண்ணை இருமுறை கூட்டிப் பார்த்தவன், இங்கே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. (20 என்பது உதாரணம்தான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் கையேட்டிலுள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.)

இறுக்கி முடித்ததும் போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் மருமகளின் நகப்பூச்சு செலவாகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, சூடு ஆறியபின் விரலால் தடவிப் பாருங்கள்.

பழைய ஆயிலை வரப்புப் புல்லுக்கோ, கரையானுக்கு வேலிக் கம்பத்திலோ பூசுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அதில் உலோகத் துகளும் கரிப் பிசுக்கும் இருக்கும். 2016 விதிகளில் அது அபாயக் கழிவு. எங்கள் மணிமங்கலம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. இங்கே ஓடையில் ஊற்றுவது அங்கே போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாக மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் தருகிறேன்.

பாத்தியில் ஆயில் ஊறிய மண்ணை ஒரு முழம் ஆழம் தோண்டி மூட்டையில் கட்டிவைத்தேன். ஓரத்தில் இருந்த கீரையைப் பிடுங்கிப் போட்டேன், விற்கவில்லை. அங்கே இப்போது சணப்பு நிற்கிறது. உண்பதற்கு எதுவும் இன்னும் விதைக்கவில்லை.