வரி கட்டாதவனா உழவன்?

தோழனே!

தேநீர்க் கடைப் பெஞ்சிலே ஒருவர் பேசுகிறார்: "உழவனுக்கு என்ன குறை? அவன் வரியா கட்டுகிறான்?" ஆலையிலே இரவு ஷிப்டு முடித்து வந்த நீயும் அதைக் கேட்டுத் தலையசைக்கிறாய். சற்றே நில்! ஊரிலே இரண்டு ஏக்கர் உழும் உன் அண்ணனின் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, உண்மைதான். ஆனால், மிஞ்சினால்தானே வருமானம்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்றார்களே! இல்லாத வருமானத்துக்கு இல்லாத வரி. இதற்குப் பெயர் சலுகையாம்!

வரவிலே தப்பியவன் செலவிலே சிக்குகிறான். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. உரத்துக்கு 5 விழுக்காடு. பூச்சிமருந்துக்கு 18 விழுக்காடு. நீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கு 12 ஆக இருந்ததை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். டிராக்டருக்கு இருந்த 12, 2025 செப்டம்பரில் 5 ஆனது. குறைத்ததை வரவேற்போம். ஆனால், டிராக்டர் வாங்க வசதி உள்ளவர் எத்தனை பேர்? கடன் வாங்கியேனும் மருந்து தெளிப்பவர் எத்தனை பேர்?

"கடைக்காரரும் ஆலை முதலாளியும் கட்டவில்லையா?" என்பாய். கட்டுகிறார்கள், கழித்தும் கொள்கிறார்கள்! வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியிலே கழித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உழவன் விற்கும் நெல்லுக்கு வரி கிடையாது; ஆகவே, அவன் கழித்துக்கொள்ளவும் வழி கிடையாது. 1,000 ரூபாய் மருந்துக்கு 180 ரூபாய் வரி. அந்த 180 அவன் தலையிலே! விலையில் ஏற்றி விற்கலாமே என்றால், விலை சொல்பவன் அவனா? அரசு சொல்லும்; வியாபாரி சொல்வான்; விளைவித்தவன் கைகட்டி நிற்பான்!

கதை அங்கே முடியவில்லை. அதே நெல் அரிசியாகி, பெயர் அச்சிட்ட 25 கிலோ வரையிலான பையிலே கடைக்கு வந்தால், 2022 ஜூலையிலிருந்து 5 விழுக்காடு வரி. கட்டுபவன் யார்? நீ! வயலிலே அண்ணன் கட்டுகிறான், கடையிலே தம்பி கட்டுகிறான்.

2019 செப்டம்பரில், மற்றச் சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமான வரியை 22 விழுக்காடாக இறக்கினார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அதற்கு முன் 30. முதலீடு பெருகும் என்றார்கள். உழவன் மண்ணிலே போடுவது முதலீடு இல்லையா? அவனுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறோமே என்கிறார்கள். ஒரு கை கொடுக்கிறது. மறு கை மருந்துக் கடையிலே நின்று பிடுங்குகிறது!

ஏற்றுமதி வணிகர் கட்டிய வரியைத் திருப்பித் தர இதே சட்டத்திலே இடம் இருக்கிறது. கப்பல் ஏறும் சரக்குக்கு உள்ள நீதி, களத்துமேட்டு நெல்லுக்கு வேண்டாமா? மருந்துக்கும் பம்புக்கும் டிராக்டரைப் போல 5 ஆக்குங்கள். அல்லது, உழவன் கட்டியதை அவனிடமே திருப்பித் தாருங்கள். கேட்பது பிச்சை அல்ல, கணக்கு!

நாளைக் காலை அதே பெஞ்சிலே அதே பேச்சு எழும். அப்போது தலையசைக்காதே, தோழனே! மருந்துக் கடை ரசீதை எடுத்து நீட்டு!