மின்னஞ்சல் சர்வர் முகவரியை எப்படித் தேடுகிறது?

விற்பனைப் பிரிவு என்ற பொது முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம். அந்தப் பெயரில் ஆளே இல்லை. ஆனாலும் உரியவருக்குப் போய்ச் சேர்கிறது. எப்படி?

வீட்ஸே வெனெமா எழுதி 1998-இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர், இதற்கென ஒரு தேடல் அட்டவணை வைத்திருக்கிறது. இடப்பக்கம் வந்த முகவரி; வலப்பக்கம் போகவேண்டிய முகவரி. முதலில் முழு முகவரியைத் தேடும். கிடைக்காவிட்டால், கடைசியாக ‘@’ குறியும் டொமைனும் மட்டும் உள்ள வரி இருக்கிறதா என்று பார்க்கும்.

அட்டவணையைச் சாதாரண உரைக்கோப்பாகத்தான் எழுதுகிறோம். அதையே ஏன் படிக்கக்கூடாது? கடிதத்துக்குக் கடிதம் வரிவரியாகத் தேடினால் நேரம் வீணாகும். அதனால் ‘போஸ்ட்மேப்’ கட்டளை அதை ஹாஷ் தரவுத்தளமாக மாற்றுகிறது. முகவரியிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் இடத்துக்கு சர்வர் நேரே போய்விடும். கோப்பைத் திருத்திவிட்டு இந்தக் கட்டளையை ஓட்ட மறந்தால், பழைய முகவரிக்கே கடிதம் போகும்!

பயனர்கள் பெருகி, அடிக்கடி மாறினால் அட்டவணையை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலோ எல்டாப் அடைவிலோ வைப்பது வசதி. ஆனால் சர்வரின் ஒவ்வொரு புராசஸும் தனி இணைப்பு கேட்டால் தரவுத்தளம் திணறும். போஸ்ட்ஃபிக்ஸின் ‘பிராக்ஸிமேப்’ சேவை அவற்றுக்குப் பொது இணைப்பைத் தருகிறது. எதுவானாலும், முதலில் உள்ளூர்க் கோப்பில் சரிபார்த்துவிட்டு மாறுவதே நல்லது.