கைப்பின்னலுக்குக் கைக்கூலி எவ்வளவு?

நமது தோட்டங்களில் கைவேலை தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துப்போட்டு வந்து, அடுப்பு வேலையும் முடிந்த பிறகு, இஸ்தோப்பில் உட்கார்ந்து கம்பளி நூலில் குல்லா, காலுறை, பிள்ளைச் சட்டை என்று பின்னுகிறார்கள். சொந்தத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பார்ப்பவர்கள், “இவ்வளவு அழகாப் பின்னுறியே, வித்தா என்ன?” என்று கேட்பதும் உண்டு.

தாராளமாக விற்கலாம். மலைநாட்டுக் குளிருக்குக் கம்பளிச் சாமானுக்கு எப்போதும் தேவை உண்டு. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நடக்கும். 2,243 மீற்றர் உயரத்துக்கு இரவில் ஏறுகிறவர்களுக்குக் குல்லாவும் கையுறையும் வேண்டும். அதனால்தான் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் அந்த மாதங்களில் கம்பளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏப்ரலில் நுவரெலியாவிலும் சனம் கூடும்.

ஆனால் ஆசைக்குப் பின்னுவது வேறு, காசுக்குப் பின்னுவது வேறு. காசுக்கு என்று வந்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கணக்கு.

நூல் விலை மட்டும் செலவல்ல

பொதுவாக நமது பெண்கள் கணக்குப் பார்ப்பது இப்படித்தான்: “நூல் 350 ரூபா. 600க்கு வித்தேன். 250 லாபம்.” இதில் பஸ் காசு இல்லை, பை காசு இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவான பின்னியவளுடைய நேரமும் இல்லை.

நேரத்துக்கு எப்படி விலை போடுவது? நமக்குத் தெரிந்த அளவுகோல் நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை 8 மணித்தியாலத்தால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 170 ரூபா வரும். சம்பளம் மாறினால் அந்தத் தொகையைப் போட்டு இதே மாதிரிப் பிரித்துக் கொள்ளுங்கள்.

இனி ஒரு குல்லாவுக்குக் கணக்குப் போடுவோம். இவை உதாரணத்துக்குச் சொல்லும் விலைகள். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

நூல் 350, பை 20, பஸ் செலவில் ஒரு குல்லாவுக்கு விழும் பங்கு 30. மொத்தம் 400 ரூபா. பின்னியது 3 மணித்தியாலம் என்றால் கைக்கூலி 510. எல்லாம் சேர்த்து 910 ரூபா. அதை 600க்குக் கொடுத்தால் கைக்கு மிஞ்சுவது 200தான். அதாவது மணித்தியாலத்துக்கு 67 ரூபாவும் இல்லை. மலையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை!

“சும்மா இருக்கிற நேரந்தானே?” என்று சிலர் சொல்லுவார்கள். விடிய நாலு மணிக்கு எழும்புகிற ஒரு பெண்ணுக்குச் சும்மா இருக்கிற நேரம் எது? அந்த மூன்று மணித்தியாலமும் அவளுடைய தூக்கத்தில் இருந்து எடுத்தது. குறைந்த கூலிக்குப் பின்ன அவள் சம்மதிக்கலாம், அது அவள் இஷ்டம். ஆனால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்து சம்மதிக்க வேண்டும்.

கணக்கு இடித்தால் என்ன செய்வது?

விலையைக் கூட்டுவது ஒரு வழி. ஆனால் மெஷினில் பின்னிய குல்லா பக்கத்துக் கடையில் மலிவாகத் தொங்கும்போது அது இலேசில்லை. அதனால் செலவையும் நேரத்தையும் குறைக்கப் பாருங்கள். லயத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒருவரை மட்டும் டவுனுக்கு அனுப்பி மொத்தமாக நூல் வாங்கினால் பஸ் செலவு பிரியும், விலையும் குறைத்துக் கேட்கலாம். தடித்த நூலில் எளிய பின்னல் போட்டால் நேரம் மிச்சம்.

நூல் 300, பை 20, பஸ் 10, இரண்டு மணித்தியாலக் கூலி 340 என்று வந்தால் மொத்தம் 670. அதை 700க்கு விற்றால் உங்கள் கூலியும் கிடைக்கும், தொழிலுக்கு 30 ரூபாவும் நிற்கும்.

மெஷின் செய்யாததைச் செய்வது இன்னொரு வழி. பிறந்த பிள்ளைக்குக் குல்லா, சட்டை, காலுறை மூன்றும் ஒரே நிறத்தில், கேட்ட அளவில், சொன்ன திகதிக்குக் கொடுப்பது கையால்தான் முடியும். அப்படி ஓடர் எடுத்தால் பாதிக் காசை முற்பணமாக வாங்கிக் கொண்டே நூல் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை

முதலில் ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்து, நான்கைந்து செய்து விற்றுப் பாருங்கள். ஒன்றைக் கழுவிப் பாருங்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று வாங்குகிறவர் கண்டுபிடிக்கும் முன் நாம் கண்டுபிடிக்க வேண்டும். கைக்குழந்தைச் சாமானில் பொத்தான், மணி வைக்காதீர்கள். கழன்றால் பிள்ளை விழுங்கிவிடும். நீளமான கயிறும் வேண்டாம், கழுத்தில் சுற்றும்.

கடைக்காரர் “வித்த பிறகு காசு தாறன்” என்றால், எத்தனை கொடுத்தோம், என்ன விலை, என்ன திகதி என்று இரண்டு துண்டில் எழுதி, இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். யாத்திரைக் காலத்துக்கு விற்பதானால் ஒக்டோபரிலேயே பின்னத் தொடங்க வேண்டும்.

தொடங்குவதற்கென்று வாரக் கடன் எடுக்க வேண்டாம். குல்லா விற்பது டிசம்பரில். கடன்காரர் லயத்து வாசலில் வந்து நிற்பது ஒவ்வொரு கிழமையும். முதல் விற்ற காசில் அடுத்த நூலை வாங்கி வளர்வதே பாதுகாப்பு.

இதற்காக வேலைக்குப் போகாமல் நிற்கவும் வேண்டாம். ஒரு பேர் விடுபட்டால் போவது அன்றைய சம்பளம் மட்டுமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் போடும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குப் போடும் 3 வீதமும் அந்த நாளுக்குச் சேராது. படிக்கிற பிள்ளையைப் பின்ன உட்கார வைப்பது அதைவிடப் பெரிய நட்டம்.

தொழில் கொஞ்சம் நின்று பிடித்த பிறகு, ஒரு பெயர் வைத்து நடத்த விரும்பினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி விசாரியுங்கள். என்னென்ன கடதாசி தேவை என்று கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டால் இரண்டு நடை மிச்சம். விண்ணப்பத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். கைப்பணியாளருக்கென்று 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையும் இருக்கிறது. அதன் பயிற்சிகள் பற்றியும் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கொப்பியும் தகர டப்பாவும்

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு, ஓரத்தில் எத்தனை மணித்தியாலம் பின்னினோம் என்பது. எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். விற்ற காசை வீட்டுக் காசோடு கலக்காமல் தனி டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் நூலுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை உங்கள் கூலியாக எடுங்கள். அது உங்கள் உழைப்புக் காசு. அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்க வேண்டும். ஆண்களும் இதைப் புரிந்து, பின்னுகிற நேரத்தில் தண்ணீர் பிடிப்பது, பிள்ளையைப் பார்ப்பது போன்ற வேலைகளில் கை கொடுக்க வேண்டும்.

அடுத்த நூல் கட்டு வாங்கும் முன், போன குல்லாவுக்கு எத்தனை மணித்தியாலம் போனது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் கொப்பியை எடுத்துக் கொண்டு தோட்டத்துச் சேமநல உத்தியோகத்தரிடமோ, பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடமோ வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.